வைக்கோலில் இருந்து பென்சீன் எடுக்க முடியுமா?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எம்.எஸ்சி வேதியியல் முடித்தவர், வீட்டில் ஆறு ஏக்கர் நெல். வைக்கோலையும் உமியையும் வினையூக்கியோடு சேர்த்துச் சூடாக்கினால் பென்சீன், டொலுவீன், வெனிலாவின் மணத்தைத் தரும் வெனிலின் போன்ற அரோமேட்டிக் சேர்மங்கள் கிடைக்கும் என்று படித்திருக்கிறார். பத்து லட்சம் ரூபாய் கடன் கிடைக்கும் போலிருக்கிறது, ஊரிலேயே சின்னதாக ஒரு யூனிட் போடலாமா என்பது கேள்வி. "முடியுமா" என்று ஒரு வார்த்தையில் கேட்டாலும் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. வேதியியல் இடம் கொடுக்குமா, போட்ட பணம் திரும்புமா, பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆபத்து வராதா. பென்சீனைப் பொறுத்தவரை முதல் கேள்விக்கு மட்டும்தான் ஆம். வெனிலின் கதை வேறு. அதற்கு நம் பக்கத்தில் உண்மையாகவே ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது வைக்கோலிலும் உமியிலும் இல்லை, தவிட்டில் இருக்கிறது.

நான் மன்னார்குடிக்காரன். 26 வருடம் பெட்ரோலிய வேதிப்பொருள் ஆலைகளில் வினையூக்கிப் பிரிவில் வேலை பார்த்தேன். அதனால் பென்சீன், சைலீன் பற்றிச் சொல்வதைக் கைப்பட அறிந்து சொல்கிறேன். தவிடு பற்றிச் சொல்வது படித்ததும், ஓர் எண்ணெய் ஆலையில் சில மாதம் கூட இருந்து பார்த்ததும். சந்தை விலை, கடன், வட்டி இவற்றில் என் வார்த்தையை நம்ப வேண்டாம். அதற்கு வேறு ஆள் வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைச் சரி செய்துகொள்வோம். பாடப்புத்தகத்தில் "நறுமணச் சேர்மங்கள்" என்று போட்டுவிட்டதால் மணக்கிறதெல்லாம் அரோமேட்டிக் என்று பலர் நினைக்கிறார்கள். வெட்டிவேர் மணக்கிறது, கற்பூரம் மணக்கிறது, இரண்டிலும் மணம் தரும் மூலக்கூறில் பென்சீன் வளையம் கிடையாது. கும்பகோணம் வெற்றிலையைக் கிள்ளினால் வரும் காரமான வாசனையில் அது உண்டு. அதிலுள்ள சாவிகால், சாவிபெட்டால், யூஜினால் மூன்றுமே வளையத்தின் மேல் கட்டப்பட்டவை. ஆறு கார்பன்கள் வட்டமாக நின்று தங்கள் எலக்ட்ரான்களில் ஆறைப் பொதுச் சொத்தாக வைத்துக்கொள்வதுதான் அந்த வளையம். மைக்கேல் ஃபாரடே 1825-இல் விளக்கு எரிக்கும் வாயுவில் தங்கிய எண்ணெயிலிருந்து பென்சீனைப் பிரித்தார். வளையம் என்ற வடிவத்தை கெக்குலே 1865-இல்தான் சொன்னார். பொதுச் சொத்தாக வைத்திருப்பதால் வளையம் மிகவும் உறுதியானது. கடும் சூட்டில் மற்ற மூலக்கூறுகள் உடைந்து சிதறும்போது இது மட்டும் தாக்குப்பிடித்து மிஞ்சும். நிலக்கரித் தாரில் இருந்து முதலில் பென்சீன் வந்தது அதனால்தான். வைக்கோலைச் சுட்டாலும் கொஞ்சம் வருவதற்குக் காரணம் அதுவே.

இன்றைக்கு உலகத்தின் பென்சீன் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. முக்கியமான வழிகளில் ஒன்று, கச்சா எண்ணெயில் இருந்து வடித்தெடுக்கும் லேசான பகுதியான நாப்தாவைச் சீர்திருத்துவது. அலுமினாவின் மேல் பிளாட்டினத்தை மிக மெல்லியதாகப் பரப்பி, ஏறத்தாழ 500 டிகிரியில் ஹைட்ரஜன் சூழலில் நாப்தா ஆவியை அதன் வழியே செலுத்துவார்கள். விளாடிமிர் ஹேன்சல் உருவாக்கிய இந்த முறை 1949-இல் தொழிற்சாலைக்கு வந்தது. ஆறு கார்பன் வளையமாக நிற்கும் சைக்ளோஹெக்சேன் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு பென்சீனாகிறது. கழன்ற ஹைட்ரஜனும் ஆலைக்குப் பயன்படும் சரக்கு. மூலப்பொருளில் ஆக்சிஜன் கிடையாது. கழற்ற வேண்டியது ஹைட்ரஜன் மட்டும். இவ்வளவு சுலபமான மூலப்பொருளை வைத்துக்கொண்டே நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கந்தகம் துளி கூடினாலும் பிளாட்டினம் செத்துப்போகும். நாளாக நாளாகக் கரி படிந்து துளைகள் அடையும், எரித்துச் சுத்தம் செய்து குளோரின் ஏற்றித் திரும்ப உயிர்ப்பிக்க வேண்டும். என் வேலையில் பாதி நாள் இந்தக் கரியோடுதான் போனது.

அளவையும் யோசியுங்கள். நரிமணம் கச்சா எண்ணெய்க்காக நாகப்பட்டினம் பனங்குடியில் 1993-இல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையின் ஆரம்பத் திறன் ஆண்டுக்கு 5 லட்சம் டன். எங்கள் தொழிலில் அதையே சின்ன ஆலை என்பார்கள். பென்சீன் விலை இப்படிப்பட்ட அளவுகளில் தீர்மானமாகிறது. அந்த விலையோடுதான் உங்கள் கொட்டகையில் வடித்த பென்சீன் போட்டி போட வேண்டும்.

சரி, மூலப்பொருள் மலிவு என்பீர்கள். இங்கேதான் வைக்கோலின் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. அதன் பெரும்பகுதியான செல்லுலோஸில் எடைக்கு ஏறத்தாழ பாதி ஆக்சிஜன். ஒரு கணக்குப் போடுவோம், தாளில் நீங்களே சரிபார்க்கலாம். செல்லுலோஸின் ஓர் அலகில் ஆறு கார்பன், பத்து ஹைட்ரஜன், ஐந்து ஆக்சிஜன். எடை 162. பென்சீனுக்கு ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன். பார்த்த உடனே "ஆறுக்கு ஆறு, பொருந்திவிட்டது" என்று தோன்றும். ஐந்து ஆக்சிஜனை எப்படி வெளியேற்றுவது? தண்ணீராக அனுப்பினால் ஐந்துக்கும் பத்து ஹைட்ரஜன் செலவாகும், பென்சீனுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே கொஞ்சத்தைக் கார்பன் டை ஆக்சைடாக அனுப்ப வேண்டும், அது கார்பனைத் தின்றுகொண்டு போகும். இரண்டையும் சரியாகப் பங்கிட்டால் கிடைக்கக்கூடிய உச்சம் அலகுக்கு 0.8 மூலக்கூறு பென்சீன். 100 கிலோ சுத்தமான செல்லுலோஸுக்கு 38.5 கிலோ. அதற்கு மேல் எந்த வினையூக்கி வந்தாலும், வெளியிலிருந்து ஹைட்ரஜன் கொடுக்காமல், ஒரு கிராம்கூட வராது. ஆக்சிஜன் கார்பன் மோனாக்சைடாகப் போனால் உச்சம் 32 கிலோவாக இறங்கும். வைக்கோலில் செல்லுலோஸ் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் என்பதை அதன் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது காகிதக் கணக்கு. நடைமுறை இன்னும் கீழே. நீங்கள் படித்த முறை வினையூக்கியோடு கூடிய விரைவு வெப்பச்சிதைவு என்று நினைக்கிறேன். காற்று இல்லாமல் 500, 600 டிகிரிக்கு நொடிகளில் சூடாக்கி, வரும் ஆவியை இசட்.எஸ்.எம்-5 என்ற ஜியோலைட்டுக்குள், அதாவது நுண்துளைகள் நிறைந்த ஒரு கனிமத்துக்குள், செலுத்துவது. அருமையான பொருள் அது, நான் அதிகம் மதிக்கும் வினையூக்கிகளில் ஒன்று. அதன் துளை ஒரு மில்லிமீட்டரில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு அகலம். பென்சீன், டொலுவீன், பாரா-சைலீன் நுழைந்து வெளியேற அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும், தடித்த மூலக்கூறுகள் உள்ளேயே உருவாக இடமிருக்காது. மரத்தூளில் இப்படி அரோமேட்டிக் கலவை வருகிறது என்பது ஆய்வகங்களில் பலமுறை நிரூபணமானது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மூலப்பொருளின் கார்பனில் நாலில் ஒரு பங்கு வளையமாக மாறினாலே நல்ல முடிவு. மீதி கரி, வாயு, தார். வருவதும் பென்சீன் மட்டும் அல்ல. டொலுவீன், சைலீன், நாப்தலீன் எல்லாம் கலந்த திரவம். பிரிக்க உயரமான காய்ச்சி வடிக்கும் கோபுரம் வேண்டும்.

மரத்தூளைவிட நம் வைக்கோல் மோசமான மூலப்பொருள். சாம்பல் மட்டும் நூற்றுக்கு 15 அளவு. அதில் பெரும்பகுதி சிலிக்கா, கூடவே பொட்டாசியம். வயலுக்கு நல்லதான அந்தப் பொட்டாசியம் ஜியோலைட்டின் அமில மையங்களில் போய் உட்கார்ந்து அவற்றைச் செயலிழக்கச் செய்யும். கல்லூரியில் படிக்கும்போது இரண்டு நண்பர்களோடு சேர்ந்து வைக்கோலைக் குவார்ட்ஸ் குழாயில் வைத்துச் சுட்டிருக்கிறேன். கிடைத்தது புளிப்பு நெடி அடிக்கும் கறுப்புத் தண்ணீர். குழாயின் மறுமுனை தாரில் அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறி, மூடி பறந்து சுவரில் மோதியது. முகத்துக்கு நேராக யாரும் நிற்கவில்லை, அவ்வளவுதான் எங்கள் நல்ல காலம். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மூடிதான்.

ஆபத்தைத் தனியாகவே சொல்ல வேண்டும். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும். மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது. உறைநிலைக்கும் கீழே, மைனஸ் 11 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். திருத்துறைப்பூண்டி சித்திரை வெயிலில் ஒரு மூடி கசிந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நிலத்தடி நீரில் கலந்தால் அடுத்த தெரு கைபம்பு வரை போகும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, வெடிபொருள் துறை உரிமம் எல்லாம் வேண்டும். நமது மாவட்டங்கள் 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் வேறு. உரிமம் கிடைத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சர்க்கரையிலிருந்து ஃபியூரான்கள் என்ற, ஓர் ஆக்சிஜனோடு கூடிய ஐந்தணு வளையங்களைச் செய்து, அதோடு எத்திலீனைச் சேர்த்து, டீல்ஸ்-ஆல்டர் வினையில் வளையம் மூடி, தண்ணீரைக் கழற்றி பாரா-சைலீன் எடுக்கும் வழியும் ஒன்று இருக்கிறது. கார்பனை வீணாக்காத அழகான வழி, ஆய்வகத்தில் நல்ல பலன் தருகிறது. அழுத்தம் தாங்கும் கலனும் எத்திலீன் குழாயும் இல்லாமல் நடக்காது, எனவே கிராமத்துக்கு அல்ல. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபர்ஃபியூராலை அமெரிக்காவில் 1920-களின் தொடக்கத்திலேயே ஓட்ஸ் உமியிலிருந்து தொழிலாகச் செய்தார்கள். நெல் உமியிலும் வரும், ஆனால் மக்காச்சோளச் சக்கையில் வரும் அளவுக்கு வராது.

உமியின் மதிப்பு அதன் சாம்பலில். எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் நூற்றுக்கு 85-க்கு மேல் சிலிக்கா. 700 டிகிரிக்குள் நிதானமாக எரித்தால் படிகமாகாத, எளிதில் காரத்தில் கரையும் சிலிக்கா கிடைக்கும். அதிலிருந்து சோடியம் சிலிக்கேட் செய்யலாம், ஜியோலைட்டே செய்யலாம். சூடு தாண்டிவிட்டால் படிகமாகிவிடும். கரையாது, அதன் தூசி நுரையீரலுக்கும் கெடுதல். நெல் அவிக்கும் கொதிகலன்களில் சூடு ஒரே சீராக இருப்பதில்லை, அதனால் ஆலைக்கு ஆலை சாம்பல் மாறும். சில இடத்தில் வெளுப்பாக, சில இடத்தில் கறுப்பாக, இளஞ்சிவப்பாகக்கூடப் பார்த்திருப்பீர்கள்.

இப்போது வெனிலினுக்கு வருவோம். நாம் 500 டிகிரியில் தலைகீழாக நின்று செய்யும் வளையத்தைச் செடிகள் வயல் வெயிலிலேயே செய்கின்றன. சர்க்கரை உடைந்து வரும் இரண்டு துண்டுகளைச் சேர்த்து, ஷிகிமேட் வழி என்று சொல்லும் ஏழு படிகளில். கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் களை ஏன் மஞ்சளாகிச் சாகிறது தெரியுமா? அந்த ஏழில் ஒரு படியை அது அடைத்துவிடுகிறது. வளையம் உள்ள அமினோ அமிலங்களைச் செய்ய முடியாமல் செடி சாகிறது. இப்படிச் செய்த வளையங்களை தண்டுக்கு விறைப்பு தரும் லிக்னினாகவும், பெரூலிக் அமிலமாகவும் நெல் சேர்த்து வைக்கிறது. ஆகவே வளையத்தை உடைத்துத் திரும்பக் கட்டுவதைவிட, இருக்கிற வளையத்தைச் சேதமில்லாமல் பிரித்தெடுப்பதே புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து.

வெனிலின் வரலாறும் இப்படித்தான் தொடங்கியது. ஹார்மானும் டீமானும் 1874-இல் ஊசியிலை மரச் சாற்றிலிருந்த கோனிஃபெரினில் இருந்து அதைச் செய்தார்கள். பிறகு காகித ஆலைக் கழிவு நீரின் லிக்னினைக் காரத்தில் ஆக்சிஜனேற்றம் செய்து எடுத்தார்கள். நார்வேயில் ஸ்ப்ரூஸ் மரத்திலிருந்து இன்றும் செய்கிறார்கள். பெரும்பகுதி இப்போது பெட்ரோலிய வழியில் வரும் குவாயகாலையும் கிளையாக்சிலிக் அமிலத்தையும் சேர்த்துச் செய்வது. வைக்கோல் லிக்னினில் இதைச் செய்தால் வெனிலினோடு சிரிஞ்சால்டிஹைடும் பாரா-ஹைட்ராக்சி பென்சால்டிஹைடும் கலந்து வரும், ஏனென்றால் புல் இனத்தின் லிக்னினில் மூன்று விதமான அலகுகள் உண்டு. பிரிக்கும் செலவே ஆளைத் தின்றுவிடும். லிக்னினை முதலில் காப்பாற்றிப் பிரிக்கும் புதிய வினையூக்கி முறைகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை உண்டு, ஆனால் நம்பிக்கையை வைத்துக் கடன் வாங்கக் கூடாது.

தவிட்டில் நிலைமை வேறு. தவிட்டு எண்ணெயில் ஓரைசனால் என்ற பொருள் இருக்கிறது. பெரூலிக் அமிலம் ஒரு ஸ்டீராலோடு எஸ்டராகப் பிணைந்தது. எண்ணெயைக் காரம் போட்டுச் சுத்திகரிக்கும்போது பெரும்பகுதி சோப்புக் கசடோடு போய்விடும். அந்தக் கசடைக் காரத்தில் கொதிக்க வைத்தால் பெரூலிக் அமிலம் கழன்று வரும். அதைக் குறிப்பிட்ட நுண்ணுயிரிகளிடம் கொடுத்தால் வெனிலினாக்கித் தரும். இப்படி வருவதை "இயற்கை வெனிலின்" என்று விற்க முடிகிறது. செயற்கையைவிடப் பல மடங்கு விலை. வெளிநாட்டில் இது உண்மையாகவே நடக்கும் தொழில்.

ஆனால் இதற்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் தவிட்டில் 150 முதல் 200 கிலோ எண்ணெய். அதில் ஓரைசனால் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு, அதாவது ஒன்றரை முதல் நாலு கிலோ. அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் பெரூலிக் அமிலம். முழுக்க வெனிலினானாலும் ஏறத்தாழ 400 கிராமிலிருந்து ஒரு கிலோ வரைதான். வழியில் ஆகும் சேதாரம் தனி. ஆகவே இந்த யூனிட் அரிசி ஆலையின் பக்கத்தில் நிற்க முடியாது, கசடு டன் கணக்கில் சேரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பக்கத்தில்தான் நிற்கும். நுண்ணுயிரி வளர்க்கும் கலன், சுத்தம், ஆள், எல்லாம் சேர்த்தால் பத்து லட்சத்துக்குள் அடங்காது.

அப்படியானால் உங்களுக்கு என்ன இருக்கிறது? தவிட்டிலிருந்து வெனிலின் வரை போகும் சங்கிலியின் முதல் கண்ணி பலவீனமாக இருக்கிறது. பச்சரிசித் தவிடு ஆலையிலிருந்து வெளியே வந்த சில மணி நேரத்திலேயே லைப்பேஸ் நொதி எண்ணெயை உடைக்கத் தொடங்கும். கொழுப்பமிலம் ஏறிக் கசந்துபோனால் எண்ணெய் ஆலை வாங்காது, மாட்டுத் தீவனத்துக்குத்தான் போகும். புழுங்கலுக்கு அவித்த நெல்லின் தவிட்டில் இந்த நொதி சூட்டில் அடங்கியிருக்கும், எண்ணெயும் கொஞ்சம் கூடுதல். உங்கள் பக்கத்து ஆலைகளில் எது எவ்வளவு அரைக்கிறார்கள், தவிடு எத்தனை நாள் கிடக்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். தவிட்டைச் சூடாக்கி நிலைப்படுத்துவதற்கு வினையூக்கியும் வேண்டாம், பிளாட்டினமும் வேண்டாம். தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் நெல் பதப்படுத்தும் ஆய்வு மையமாகத் தொடங்கியதுதான், அங்கே போய்க் கேட்கலாம். வைக்கோலைப் பொறுத்தவரை, கட்டாகக் கட்டி மாட்டுக்கும் காளானுக்கும் விற்பதை இப்போதைக்கு எந்த வேதியியலும் மிஞ்சாது.

கடன் மனுவைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். பக்கத்து ஆலைகள் மூன்றில், அரைத்த சூட்டோடு இரண்டு இரண்டு கிலோ தவிடு வாங்குங்கள். ஒரு பாதியை அப்படியே வையுங்கள், மறு பாதியை ஆவியில் வாட்டிக் காயவைத்து வையுங்கள். பத்து நாளைக்குத் தினமும் கொஞ்சம் எண்ணெய் பிரித்து, ஆல்கஹாலில் கரைத்து, பினாப்தலீன் விட்டுக் காரத்தால் தரம்பார்த்துக் கொழுப்பமிலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எண்ணெயில் ஒரு துளியை ஹெக்சேனில் நீர்க்கக் கரைத்து, நீங்கள் படித்த கல்லூரியில் கேட்டு, புற ஊதா நிறமாலைமானியில் 314 நானோமீட்டரில் உறிஞ்சளவை எடுங்கள். ஓரைசனால் அங்கேதான் காட்டும். ஹெக்சேன் பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. எண்கள் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள் தம்பி, அடுத்த கணக்கைச் சேர்ந்து போடலாம்.